குழாயும் பெட்டியும்

எங்கள் வீட்டில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்றால் அது பெரும்பாலும் ஸ்பீக்கரைப் பற்றித்தான். மற்ற வீடுகளில் நகை, நாத்தனார், சம்பந்தி மரியாதை என்று சண்டைக்கு ஆயிரம் விஷயம் இருக்கும். எங்களுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் போதும்.

என் கணவர் கொடைக்கானலில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வந்து இங்கேயே தங்கிவிட்ட ஆள். அவரிடம் இருந்தது பழைய காலத்து அமைப்பு. நெஞ்சோடு அணைத்துத் தூக்க வேண்டிய ஆம்ப்ளிஃபயர், மரத்தில் கட்டுகிற பெரிய குழாய் ஸ்பீக்கர்கள், வீட்டில் ஒரு அறை முழுக்க ஒயர் சுருள். கல்யாணம், சடங்கு, கோயில் கும்பிடு, சர்ச் திருநாள் எல்லாவற்றுக்கும் அவர் ஜீப்தான் போகும். சாவுக்கும் போகும். சாவுக்கு மட்டும் வாடகை வாங்க மாட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் உயிர் போனால் வாசல் மரத்தில் குழாயைக் கட்டிப் பாட்டுப் போடுவார்கள், அப்போதுதான் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் சேதி போகும். செல்போன் எல்லோர் கைக்கும் வந்துவிட்ட காலம் அது. ஆனால் மலையில் பாதி இடத்தில் சிக்னல் வராது. குழாய்ச் சத்தத்துக்கு அந்தக் கவலை இல்லை.

நான் கேட்டது வேறு. டவுனில் லாட்ஜ்காரர்கள், கேம்ப் ஃபயர் போடுகிறவர்கள் யாரும் குழாயை விரும்பவில்லை. "அந்தக் கத்துற சாமான் வேணாம் மேடம், சின்னதா கார்ட்லெஸ் வச்சு ஏதாச்சும் இருக்கா?" என்று என்னிடமே கேட்டார்கள். இவரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்து, கடைசியில் நானே மதுரைக்குப் போய் ஒரு பெட்டியை வாங்கி வந்தேன். கறுப்புப் பெட்டி. ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும், பேட்டரியும் உள்ளேயே இருக்கும். சார்ஜ் போட்டு வைத்தால் போதும். அடியில் சக்கரம், மேலே இழுத்துக்கொண்டு போகக் கைப்பிடி. மைக்குக்கு ஒயரே கிடையாது.

இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "ஏ புள்ள, இது என்னா, டிபன் கேரியரா?" என்றார்.

"உங்களுக்குப் பசிச்சா அப்படித்தான் தெரியும்."

"மைக்கை வச்சுக்கிட்டு அந்தத் திருப்பம் தாண்டுனா கரகரங்குது. மரம் மறைச்சாப் போச்சு. இதை வச்சு என்னா சோலி பாக்கிறது?"

"உங்க குழாய்க்குக் கட்ட மரம் வேணும், கரண்ட் வேணும், தூக்க நாலு ஆளு வேணும். கரண்டு போனா ஊமை. இது அப்பிடியா?"

அந்த வருஷங்களில் தினமும் கரண்ட் போகும். எத்தனை மணிக்குப் போகும், எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாது. அதனால் கரண்ட் பேச்சை எடுத்தால் அவர் வெளியே போய் பீடி பற்றவைப்பார். நான் ஜெயித்துவிட்டதாக அர்த்தம்.

அப்போது எங்களோடு அப்பா இருந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வேலை செய்து, நடுவயதில் எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு கப்பலேறி வந்தவர். நான் அப்போது பாவாடை கட்டிய பிள்ளை. வந்த பிறகு இந்த மலையிலும் காய்கறிக் காடு, பூண்டுக் காடு என்று கூலி வேலைதான். உழைத்து உழைத்து முதுகு வளைந்தது. பிறகு மூளையில் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வந்தது. முதலில் நேற்று நடந்தது போயிற்று. பிறகு இந்தியாவுக்கு வந்ததே போயிற்று. அம்மா செத்தது போயிற்று. கடைசியில் நான் போனேன்.

அதை எழுதவே எனக்கு இன்னும் கை வரவில்லை. பெற்ற தகப்பன் என் முகத்தைப் பார்த்து, "நீங்க தொரை பங்களாவுல வேல செய்யிற பிள்ளையா?" என்று மரியாதையாகக் கேட்டார். கோபம்தான் வந்தது. "நான் உங்க மகப்பா, மக" என்று கத்தினேன். அவர் பயந்து ஒதுங்கி நின்றார். அதன் பிறகு கத்துவதில்லை.

அவர் மனசுக்குள் மிச்சம் இருந்தது தோட்டம் மட்டுமே. வெள்ளனே எழுந்து, ஸ்வெட்டருக்கு மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "பெரட்டுக்கு நேரமாச்சா?" என்பார். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் கூடும் இடம். தப்பு மேளம் அடிப்பார்கள். லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கிற எல்லோரும் களத்தில் போய் நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை பேர் வாசிப்பார். பேர் கேட்டதும் "வந்தேன் ஐயா" என்று குரல் கொடுத்துவிட்டு, அவர் காட்டுகிற மலைக்கு ஏற வேண்டும். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அந்தக் களத்தில் குளிரில் நின்றிருக்கிறேன். வேலை முடிந்தால் அன்றைக்கு ஒரு பேர் போடுவார்கள், அதாவது ஒரு நாள் கூலி. கணக்கப்பிள்ளைக்கு மனசு சரியில்லை என்றால், நாள் முழுக்க உழைத்தாலும் அரைப்பேர்தான். அப்பாவுக்குப் பசி, குளிர், பெண்டாட்டி சாவு எல்லாம் மறந்துபோன பிறகும் அந்த அரைப்பேர் மறக்கவில்லை.

அந்த வருஷம் கூக்கால் பக்கத்தில் ஒரு ஊரில் அம்மன் கும்பிடு. மைக் செட் எங்களுடையது. அப்பாவைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது என்பதால் அவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டோம். நான் என் பெட்டியையும் ஏற்றினேன். பெண்கள் கும்மியடிக்கிற இடத்தில் அதை வைத்துக் காட்டிவிட்டால் இந்த மனுஷன் வாய் மூடும் என்பது என் திட்டம். குழாய் கோயில் வாசலில், பெட்டி குளத்துப் பக்கம். இரண்டும் ஒரே நாளில், ஒரே ஊரில். எது பெரியது என்று பார்த்துவிடலாம்.

காலையெல்லாம் நன்றாக வெயில் அடித்தது. என் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் கூடி ஒயரில்லாத மைக்கை ஒருத்தி கையிலிருந்து ஒருத்தி வாங்கிப் பாடினார்கள். இவர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் பார்க்காதது மாதிரி திரும்பிக்கொண்டார். அப்பா கோயில் சுவரோரம் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில், வெயில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

மதியத்துக்கு மேல் முளைப்பாரி எடுக்கிற நேரம். அந்த ஊர் வழக்கப்படி, ஊர்ப் பெரியவர் மைக்கில் ஒவ்வொரு குடும்பத் தலைவர் பேராக வாசிப்பார். பேர் வாசித்த வீட்டுப் பெண் முளைப்பாரியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்து நிற்பாள். குழாய் முழுச் சத்தத்தில் இருந்தது. பேர் ஒவ்வொன்றும் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வரை போனது.

வரிசை நகர்ந்து, மேளம் முழங்கி, கூட்டம் குளத்துக்கு வந்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன். சுவரோரம் அப்பாவின் கம்பளி மட்டும் கிடந்தது.

முதலில் ஜீப்பில் பார்த்தேன். கோயிலுக்குப் பின்னால் பார்த்தேன். சமையல் நடக்கிற கொட்டகையில் பார்த்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் சொன்னாள்: "பெரியவரா? மம்பட்டியத் தோள்ல போட்டுக்கிட்டு அந்தப் பூண்டுக் காட்டு வழியா எறங்குனாருங்க. யாரோ வேலைக்காரருன்னு நெனைச்சேன்."

பூண்டுக் காட்டுக்குக் கீழே பள்ளம், பள்ளம் தாண்டினால் சோலைக்காடு. காட்டெருமை கூட்டமாகத் திரிகிற இடம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து மஞ்சு ஏறி வந்தது. படிப்படியாக இருந்த வயல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கொஞ்ச நேரத்தில் கோயில் கொடிமரமே தெரியவில்லை. மேளத்தை நிறுத்தச் சொன்னேன். யார் நிறுத்தினார்கள் என்று தெரியாது, நின்றது.

"அப்பா! அப்பா!" என்று கத்தினேன். மஞ்சுக்குள் கத்தினால் சத்தம் வாயிலிருந்து விழுந்து காலடியிலேயே கிடக்கும். கத்திக் கத்திக் குரல் கம்மியது. ஊர் ஆட்கள் நாலு திசைக்கும் இறங்கினார்கள். அம்மனிடம் என்னென்னவோ வேண்டினேன். வேண்டிக்கொண்டே திட்டவும் செய்தேன்.

இவர்தான் ஓடிப்போய்க் குழாயைப் பள்ளத்துப் பக்கம் திருப்பினார். மைக்கை வாங்கி அப்பாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவ்வளவு பெரிய சத்தத்தில் அப்பாவின் பேரை நான் கேட்டதே இல்லை. மலை அதிர்ந்தது.

மஞ்சுக்கு உள்ளேயிருந்து பதில் வந்தது. மெல்லிய குரல், ஆனால் அவர் குரல்தான். "வந்தேன் ஐயா!"

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இவர் என் பக்கம் திரும்பி, "கேட்டுச்சா? கேட்டுச்சா? அதான் குழாயி!" என்றார். அந்த நேரத்திலும் அந்தப் பேச்சு. எனக்குக் கோபம்கூட வரவில்லை. குழாய் வாழ்க, நீயும் வாழ்க, என் அப்பாவைக் கொண்டு வா என்றுதான் இருந்தது.

மறுபடி கூப்பிட்டார். மறுபடி, "வந்தேன் ஐயா!" ஆனால் சத்தம் தள்ளிப் போயிருந்தது. இறங்கிப்போன ஆட்கள் கீழேயிருந்து, "அந்தாண்ட மேட்டுல ஏறுறாரு!" என்று கத்தினார்கள். மூன்றாம் முறை கூப்பிட்டார். பதில் இன்னும் மேலே, சோலைப் பக்கத்திலிருந்து, காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கிற அளவுக்கு வந்தது.

"வந்தேங்கிறாரு, வரக் காணோமே. தெச தெரியலையோ?" என்று இவர் மறுபடி மைக்கை வாயருகே கொண்டு போனார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் அம்மா முந்தானையும், அந்தக் குளிரும், களத்தில் நின்ற வரிசையும் எல்லாம் சேர்ந்து வந்து மண்டையில் இறங்கின. பெரட்டில் பேரைக் கூப்பிட்டால் கூப்பிட்டவரிடம் வருவது இல்லை. குரல் கொடுத்துவிட்டு மலை ஏறுவது. முளைப்பாரிக்குப் பேர் வாசித்ததைக் கேட்டுத்தான் அவர் மண்வெட்டியை எடுத்திருக்கிறார். நாங்கள் ஒவ்வொரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட, அவர் ஒவ்வொரு தடவையும் சரி ஐயா, ஏறுகிறேன் ஐயா என்று மேலே போய்க்கொண்டிருக்கிறார். நாங்களே அவரைக் காட்டுக்குள் விரட்டிக்கொண்டிருந்தோம்.

"கூப்பிடாதீங்க!" என்று பாய்ந்து மைக்கைப் பிடுங்கினேன். இவர் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்றே நினைத்திருப்பார். என்ன சொன்னால் தோட்டத்து ஆள் மலையை விட்டு இறங்குவான்? வாயைத் திறந்தேன். கரண்ட் போனது.

குழாய் செத்தது. ஆம்ப்ளிஃபயரில் எரிந்த சிவப்பு விளக்கும் அணைந்தது. அந்த நிசப்தத்தில் நான் போட்ட சத்தம் மனுஷ சத்தம் இல்லை என்று பிறகு சொன்னார்கள். இவர் ஜீப் பேட்டரியைக் கழற்ற ஓடினார். அதற்கு ஒயர் கட்டி உயிர் கொடுக்கிறதற்குள் இருட்டிவிடும். எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. பாதியில் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு நேரே குளத்துப் பக்கம் ஓடி, நான் வாங்கிவந்த பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார். டிபன் கேரியர் என்ற அதே பெட்டிதான்.

"வா வெரசா" என்றார்.

குழாய்க்குத் தொண்டை உண்டு, கால் கிடையாது. பெட்டிக்குத் தொண்டை கொஞ்சம், ஆனால் கால் உண்டு. அன்றைக்கு அந்தக் கால் என் கணவருடையது. ஈரப் பூண்டுத் தாளை மிதித்து, வரப்பில் சறுக்கி, வாங்கிய நாளிலிருந்து திட்டிய சாமானைத் தோளில் சுமந்துகொண்டு அவர் முன்னால் இறங்கினார். நான் மைக்கோடு பின்னால். கொஞ்சம் பின்தங்கினால் பெட்டி கரகரக்கும், அதனால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். என் சொந்தக் குரல் போயே போய்விட்டது. மைக்கில் பேசினால்தான் எனக்கே நான் பேசுவது கேட்டது.

"வேல விட்டாச்சு" என்றேன். "எல்லாரும் மலைய விட்டு எறங்குங்க. வேல விட்டாச்சு."

பதில் இல்லை. பள்ளத்தைத் தாண்டினோம். "வேல விட்டாச்சு. லயத்துக்குப் போங்க." மஞ்சில் மரங்கள் மரம் மாதிரியே இல்லை. எங்கேயோ காட்டெருமை செருமியது, இரண்டு பேரும் அசையாமல் நின்றோம். அது போனதா இல்லையா என்று தெரியாமலே மறுபடி நடந்தோம். பெட்டியின் முதுகில் பேட்டரி விளக்கு பச்சையிலிருந்து சிவப்புக்கு வந்துவிட்டது. காலையெல்லாம் கும்மிக்குப் பாடிய பேட்டரி. பெருமைக்குப் பாடவிட்டேன் பார், என்று என்னையே சபித்துக்கொண்டேன். இது அணைந்தால் அப்பா இந்த ராத்திரி காட்டில். கம்பளிகூட இல்லாமல். இந்தக் குளிரில் காலைவரை எந்தக் கிழவனும் தாங்க மாட்டான்.

"வேல விட்டாச்சு… வேல விட்டாச்சு…" பெட்டியின் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. நான் அழுதுகொண்டே சொன்னேன். அழுகையையும் சேர்த்தே அது ஒலிபரப்பியது.

முதலில் மண்வெட்டிதான் தெரிந்தது. தோளில் சாய்த்த மண்வெட்டி, அதற்குக் கீழே அப்பா. நெற்றியில் முள் கீறிய ரத்தம். முழங்கால் வரை சேறு. சோலை ஓரத்துத் தரிசிலிருந்து, வேலை முடிந்து வருகிற ஆள் நடக்கிற நடையில் இறங்கி வந்தார். நேரே பெட்டியின் முன்னால் வந்து நின்றார். என் கணவர் அசையவில்லை. அப்பா மண்வெட்டியை இறக்கிவைத்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கை இரண்டையும் கட்டிக்கொண்டு பெட்டியைப் பார்த்துக் கேட்டார்:

"ஐயா, எனக்கு இன்னைக்கு முழுப்பேரா, அரைப்பேரா?"

"முழுப்பேர்தான்ப்பா" என்றேன், மைக்கை மறந்து, வெறும் வாயால். அவர் திரும்பவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். என் மூச்சுக்காற்று அவர் தோளில் பட்டிருக்கும். அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டு, குளிரில் நடுங்கிக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தார். நான் மைக்கை வாய்க்குக் கொண்டுபோய், "முழுப்பேர்" என்றேன். பெட்டி சொன்னது. அப்பாவின் முகம் விரிந்தது. கும்பிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஸ்பீக்கர்ச் சண்டை நடக்கவில்லை. பெட்டி வாடகைக்கும் போகவில்லை, சமையலறை அலமாரியில் உட்கார்ந்துவிட்டது. நான் நேரில் சொன்னால் அப்பா சாப்பிட மாட்டார், குளிக்க வர மாட்டார். அடுப்புப் பக்கத்தில் நின்று மைக்கில், "சாப்பாட்டு நேரம், எல்லாரும் வாங்க" என்று சொன்னால் உடனே வந்து உட்காருவார். மூன்றடி தூரத்தில் இருக்கிற தகப்பனை மைக் வைத்துக் கூப்பிட்ட மகள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். லாட்ஜ்காரர்கள் கேட்டு அனுப்பினால் இவர், "அது வேற சோலியில இருக்கு" என்று சொல்லிவிடுவார். கரண்ட் வருகிற நேரம் பார்த்து அதற்குச் சார்ஜ் போடுவதும் அவர்தான். நான் ஜெயித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு ஜெயிப்பு எதிரிக்கும் வேண்டாம். சில மத்தியானங்களில் மைக்கை அணைத்துவிட்டு அவர் காதருகே போய், "அப்பா" என்று கூப்பிட்டுப் பார்ப்பேன். ஒருமுறையாவது திரும்புவாரா என்று. திரும்பியதில்லை.

அடுத்த பனிக்காலத்தில் அவர் போய்விட்டார். காலையில் கஞ்சிக்குக் கூப்பிட்டேன், பெட்டி சொல்லியும் வரவில்லை. அப்படித்தான் தெரிந்தது.

ஆட்கள் வந்தார்கள். இவர் அறைக்குப் போய் ஒயர் சுருளைத் தோளில் மாட்டி, குழாயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஊரில் எத்தனையோ சாவுக்குக் கட்டியவர், மாமனாருக்குக் கட்டாமல் விடுவாரா? ஏணியைச் சாத்திப் பாதி ஏறிவிட்டார்.

நான் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். "குழாய் வேணாங்க" என்றேன். "பெரட்டுன்னு நெனைச்சு எந்திரிச்சிருவாரு."

ஏணியிலேயே நின்று என்னைப் பார்த்தார். பிறகு இறங்கினார். குழாயை வாய் தரையைப் பார்க்கும்படி சுவரோரம் கவிழ்த்து வைத்தார்.

மைக் செட்காரர் வீட்டுச் சாவு, ஒரு பாட்டில்லை, ஒரு அறிவிப்பில்லை. பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சேதி போகவே நேரமாகிவிட்டது. வந்தவர்களில் ஒருவர் வாசலில் இவரை நிறுத்தி, கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: "என்னங்க, ஊருக்கெல்லாம் கட்டுறீங்க, சொந்த மாமனாருக்கு ஒரு குழா கட்டக்கூடாதா?"

இவர் கவிழ்த்து வைத்த குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவருக்கு வேல விட்டாச்சுங்க."